அறளை வேறு, சன்னி வேறு

வயது போன ஒருவர் பெயரை மறந்தாலும் சொன்னதையே திரும்பச் சொன்னாலும், மகளைப் பார்த்து 'உம்மா' என்று கூப்பிட்டாலும் எங்கள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: 'அறளை பேர்ந்துட்டு.' இன்னொரு சொல்லும் இருந்தது. காய்ச்சல் கூடிப் பிதற்றுகிறவரைச் 'சன்னி கண்டுட்டு' என்பார்கள். அந்தச் சொல் இன்று இளையவர்கள் வாயில் இல்லை. தமிழ் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு சொல் போவதே கவலைதான். இந்தச் சொல் போனதில் நோயாளிக்கும் நட்டம் இருக்கிறது.

ஏனென்றால் இரண்டும் இரண்டு நோய்கள். அறளை வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. சன்னி சில மணித்தியாலத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் வருவது. பின்னேரம் பேரப்பிள்ளையின் படிப்பை விசாரித்த மனிசர் நடுச்சாமத்தில் சேலைன் குழாயைப் பிடுங்கி எறிகிறார். விடிந்தால் ஒன்றும் நடக்காதது போல் இருக்கிறார். நியுமோனியா, சிறுநீரில் கிருமித் தொற்று, உடம்பில் தண்ணீர் குறைவது, சில மருந்துகள், சத்திரசிகிச்சை என்று காரணம் பல. சில முதியவர்களுக்குக் காய்ச்சலோ இருமலோ தெரியாது; இந்தத் தடுமாற்றமே உள்ளே இருக்கும் நோயின் முதல் அடையாளம். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். லத்தீனில் அதன் வேர்ப்பொருள், உழவுசாலை விட்டு விலகுவது. நல்ல பெயர். ஏர் தடம் மாறியிருக்கிறது, திரும்பச் சாலுக்குள் வரலாம் என்ற பொருளும் அதில் கிடக்கிறது.

இதையே தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க மருத்துவர் ஷரன் இனோயே. முதலில் யேல் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஹார்வர்டிலும் பணியாற்றியவர். மனநல நிபுணர் அல்லாத மருத்துவரும் தாதியும் கட்டிலருகிலேயே சன்னியைக் கண்டுபிடிக்க ஒரு முறையை அவரும் அவரது குழுவினரும் 1990இல் வெளியிட்டார்கள். அதில் பார்ப்பது நான்கு விசயம். மாற்றம் திடீரென்று வந்து கூடிக் குறைகிறதா? கவனம் நிற்கிறதா? பேச்சு தொடர்பில்லாமல் போகிறதா? விழிப்பு நிலை வழக்கம் போல் இருக்கிறதா, அல்லது மயங்கியோ மிதமிஞ்சிப் பரபரத்தோ இருக்கிறதா? முதல் இரண்டும் இருந்து, பின்னிரண்டில் ஒன்றாவது இருந்தால் சன்னி. கவனத்தைச் சோதிக்கக் கிழமை நாட்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னாலே போதும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது அவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வுதான். யேல் நியூ ஹேவன் ஆஸ்பத்திரியில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகள். எல்லோரும் சன்னி வரக்கூடியவர்கள், அனுமதிக்கும்போது அது இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிக்குச் செய்ததைக் கேட்டால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். இன்று என்ன நாள், என்ன நடக்கப் போகிறது, கவனிப்பவர் யார் என்று பலகையில் எழுதி வைத்தார்கள். பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், காதுக்குக் கேட்கும் கருவி கொடுத்தார்கள், காதுக்குறும்பி அடைத்திருந்தால் எடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். நாளுக்கு மூன்று தடவை நடக்க வைக்கப் பார்த்தார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சூடான பால், மெல்லிய இசை, முதுகு தடவல். இதில் ஏராளமானதைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

வழக்கமான கவனிப்பில் சன்னி கண்டவர்கள் 64 பேர், அதாவது 15 வீதம். இப்படிக் கவனித்த பக்கத்தில் 42 பேர், 9.9 வீதம். ஒன்றையும் மறைக்கக் கூடாது: நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, வயதும் பாலும் நோய் ஆபத்தும் பொருந்தும்படி சோடி சேர்த்தார்கள். சன்னி வந்துவிட்ட பிறகு அதன் கடுமையை இந்தக் கவனிப்பு குறைத்ததாகவும் தெரியவில்லை. வருமுன் காப்பதில்தான் பலன்.

அவசர சிகிச்சைப் பிரிவில்தான் இது கூடுதலாகத் தவறிப் போகிறது. கத்திக் குழப்பம் செய்கிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் பேச்சு மூச்சில்லாமல் சுருண்டு கிடக்கும் சன்னியும் உண்டு, முதியவர்களிடம் அது நிறைய. 'பாவம், நல்லா உறங்குறா' என்று வீட்டாரே போர்த்திவிடுவார்கள். மருத்துவரோ அவரை அன்றைக்குத்தான் முதன்முதல் காண்கிறார். நான்கில் முதலாவது கேள்விக்கு, திடீரென்று மாறியதா என்பதற்கு, விடை அவரிடம் இல்லை. அது கூடவே இருப்பவரிடம்தான் உண்டு.

எங்கள் பக்கத்தில் வாட்டில் துணைக்கு ஒருவர் நிற்பது வழக்கம். நியூ ஹேவனில் தொண்டர்களைத் தேடிப் பயிற்றிச் செய்வித்த வேலையில் பாதியை அவரே செய்யலாம். 'களவு போயிரும்' என்று கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் வைத்துவிட்டு வருவதைக் காண்கிறேன். அவை கட்டிலருகே இருக்க வேண்டும், பாவிக்கிற மருந்துகளின் உறைகளும் கூடவே. மருத்துவர் வந்தால் 'வயசு போன மனிசி, அப்படித்தான் டொக்டர்' என்று சொல்லிவிடாமல், 'நேத்து அசர் வரைக்கும் நல்லாக் கதைச்சவ, இரவுதான் இப்படி ஆனவ' என்று நேரத்தோடு சொல்ல வேண்டும்.