விழித்திரைக்கு ஒரு விளக்கு

ஏறக்குறைய 20 ஆண்டுகளின் முன் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். நண்பகலிலும் யன்னலோரத்தையே நாடி அமர்வான். மழைமுகில் கவிந்தாற் கரும்பலகை அவனுக்குத் தெரியாது. பொழுதுபட்டபின் யாராவது கைபிடித்து அழைத்துச் செல்லவேண்டும். மாலைக்கண் என்றோம். முருங்கையிலையும் மீனெண்ணெயும் கொடுக்கும்படி அவன் தாய்க்குப் புத்தி கூறியவன் நானே. ஆறு மாதங்கழித்து அவள் வந்து, "வாத்தியார், பிள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்லை" என்றபோது, ஒழுங்காகக் கொடுத்திருக்கமாட்டாள் என மனத்துள்ளே அவளைப் பழித்தேன்.

பழி என்மேலது என்பதை, ஜீன் பெனற் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆராய்ச்சியைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். பரம்பரையலகுகளை ஆராய்பவருக்கு ஜீன் என்றே பெயர் வாய்த்தது தமிழ்க் காதுக்கு வேடிக்கைதான்!

விழித்திரையிலே ஒளியை ஏற்கும் கலங்களுக்கு விற்றமின் ஏயிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தேவை. ஒளி பட்டதும் அதன் வடிவம் மாறிவிடும். பழைய வடிவத்துக்குத் திருப்பினாலன்றி அது மீண்டும் பயன்படாது. இச்சுழற்சியை விளக்கியவர்களுள் முதல்வரான ஜோர்ஜ் உவால்டு 1967இல் நோபெல் பரிசு பெற்றார். திருப்பும் வேலையைச் செய்வது, விழித்திரையின் பின்னுள்ள கலப்படையில் இருக்கும் ஒரு நொதியம். அதனை ஆக்கும் பரம்பரையலகின் பெயர் ஆர்.பி.ஈ. 65. தாய்வழி வந்த பிரதியும் தந்தைவழி வந்த பிரதியும் ஒருங்கே பழுதானால், விற்றமின் இருந்தும் பயனில்லை. முருங்கைத் தோப்பையே உண்டாலும் இருள் நீங்காது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையைப் பறிக்கும் நோயொன்றுக்கு இப்பழுதும் ஒரு காரணம் என்பது 1997இல் வெளிப்பட்டது.

பழுதுற்ற பரம்பரையலகுக்குப் பதிலாக நல்லதொன்றைக் கண்ணுள் அனுப்பினால் என்ன? பெனற்றும், அவர் கணவரும் கண் சத்திரசிகிச்சை நிபுணருமான அல்பேட் மகுவயரும் இக்கேள்வியைப் பல்லாண்டு சுமந்தவர்கள். 1999இல் அவர்கள் பணியாற்றிய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலேயே, வேறொரு நோய்க்கான இத்தகைய பரிசோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அத்துறை முழுவதுமே அச்சத்தில் உறைந்தது. ஆயினும் இவர்கள் நிறுத்தவில்லை. பிரியார் என்னும் இனத்து நாய்களிலே இதே குறை இயற்கையாக உண்டு. நோய் விளைக்காத ஒரு வைரசில் நல்ல பரம்பரையலகை ஏற்றி, மூன்று குட்டிகளின் விழித்திரைக்கு அடியிற் செலுத்தினார்கள். குருடாயிருந்த குட்டிகள் பார்வை பெற்றன என்னும் செய்தி 2001இல் வெளியாயிற்று. பிற்காலத்தில், பரிசோதனைக்குட்பட்ட நாய்களில் இரண்டைத் தம் இல்லத்திலேயே வளர்த்தார்கள் என்று படித்தபோது, அவர்கள்மேல் எனக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது.

2007இல் பிலடெல்பியாவில் மனிதருக்குச் சிகிச்சை தொடங்கிற்று. பின்னர் நடந்த பெரிய பரிசோதனையில் எழுத்துப் பலகை மாத்திரம் போதவில்லை. தரையில் அம்புக்குறிகளையும் தடைகளையும் அமைத்து, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து நோயாளரை நடக்கவிட்டார்கள். சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் மிகக் குறைந்த ஒளியிலும் தேறினர். சிகிச்சை பெறாதோரில் ஒருவரும் தேறவில்லை. 2017 டிசெம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை அங்கீகரித்தது. இரு கண்களுக்கும் அங்கு குறித்த விலை 8,50,000 டொலர். நாய்க்குட்டியை நினைத்து மகிழ்ந்த மனம் இவ்விடத்திற் சோர்கிறது.

விழித்திரை, கருவிலே மூளையிலிருந்து முகிழ்த்த பகுதி. ஆதலால் இங்கே கிட்டிய வெற்றி நரம்பு நோய்களை ஆராய்வோருக்கும் ஊக்கமளித்தது. முள்ளந்தண்டின் இயக்க நரம்புக் கலங்கள் அழிந்து குழந்தைகளின் தசைகள் நலியும் பரம்பரை நோய்க்கு, இதே வகை வைரசினால் தரும் மருந்து 2019இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இரண்டிலுமே காலந்தாழ்த்தலாகாது. இறந்த கலத்துக்கு எதைக் கொடுத்தும் பயனில்லை.

என் மாணவனின் குறை ஆர்.பி.ஈ. 65தான் என்று நான் சாதிக்கவில்லை. விழித்திரையைக் கெடுக்கும் பரம்பரையலகுகள் பல. எது பழுதென்று பரம்பரையலகுப் பரிசோதனையாற்றான் அறியமுடியும். அவனுக்கு அது செய்யப்படவே இல்லை.

அண்மையில் அவனைச் சந்தித்தேன். என் குரலைக் கொண்டே அடையாளங் கண்டான். அவன் தகப்பன் சொந்த மச்சாளை மணந்தவர். இப்போது தம்பிக்கும் மாமன் மகளையே பேசியிருக்கிறார்களாம். ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் பழுது இவ்வாறே இருபுறமும் வந்து ஒரு பிள்ளையிற் கூடக்கூடும் என்று விளக்கி, முதலில் அவனும், பின்னர் மணமக்கள் இருவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மாவிட்டை நீங்களே சொல்லுங்கோ, வாத்தியார். நீங்கள் சொன்னால் கேட்பா" என்றான்.

முருங்கையிலையையும் அப்படித்தான் நான் சொல்லிக் கேட்டவள். அவள் முன் போய் எப்படித் தொடங்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.