அஞ்சல்காரர்களின் ஒரு மணி நேரம்

மாலைப்பணி முடிந்து அம்பத்தூரிலிருந்து வீடு திரும்பிய லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர், இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியைத் திறக்கிறார். பொருளறிவியல் பாடத்தின் மூன்றாம் வாரக் காணொளி ஓடத் தொடங்குகிறது. பத்து மணித்துளிக்குள் கண் சொக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைக்கிறார். வேலையும் படிப்புமாக வாழ்வோர் பலரும் எடுக்கும் முடிவு இது. நினைவாற்றலைப் பற்றிய அறிவியல் இந்த முடிவை ஏற்பதில்லை.

செருமானிய அறிஞர் எர்மன் எபிங்காசு தம்மையே ஆய்வுக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் விரைவை அளந்தார். அவருடைய நூல் 1885-இல் வெளிவந்தது. கற்ற ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் கரைந்தது. ஒரு நாள் கழிந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. அதே நூலில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றுவிட்டார்.

ஆய்வுக்கூடத்து அசைகளுக்குப் பொருந்துவது உழைக்கும் மனிதருக்கும் பொருந்துமா? பிரித்தானிய அஞ்சல்காரர்கள் இதற்கு விடை தந்தார்கள். அஞ்சல் குறியீட்டை எந்திரத்தில் தட்டிக் கடிதங்களைப் பிரிக்கும் முறை வந்தபோது, அவர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றது. இன்னொன்று, இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டாக, நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றது. மற்ற இரண்டும் இடைப்பட்டவை. 1978-இல் வெளியான முடிவு இது: விசைப்பலகையைக் கற்க ஒரு மணி நேரக் குழுவுக்கு ஏறத்தாழ 35 மணி நேரம் போதுமாயிற்று, நான்கு மணி நேரக் குழுவுக்கோ ஏறத்தாழ 50 மணி நேரம் ஆயிற்று.

இந்த ஆய்வில் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. குறைந்த உழைப்பில் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினரே தம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். மணிக்கணக்கில் முந்தியவர்கள், நாள்கணக்கில் பிந்துவதாக உணர்ந்தார்கள். பணியிடையே படிப்பவரைப் பாதியில் நிறுத்தவைப்பது பெரும்பாலும் இந்த உணர்வே என்பது என் துணிபு. மெல்ல நகர்வதாகத் தோன்றும் அந்த நாள்களில்தான் கல்வி வேர்பிடிக்கிறது. இடையில் வரும் உறக்கம் வீணன்று. பகலில் பதிந்தவற்றை மூளை ஆழ்ந்த உறக்கத்தில் மீண்டும் இயக்கி உறுதிப்படுத்துகிறது.

பார்த்த காணொளியையே திரும்பப் பார்ப்பதும் பெரும்பயன் தருவதில்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் உரைப்பகுதிகளைப் படிக்கக் கொடுத்தனர். சில பகுதிகளை மறுபடியும் படிக்கச் செய்தனர். சிலவற்றைப் பாராமல் நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து மணித்துளி கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவையே முந்தி நின்றன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று: மறுபடி படித்ததில் 42 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியதில் 56 விழுக்காடும் எஞ்சியிருந்தன. எளிதாக உள்ளே சென்றது எளிதாகவே வெளியேறுகிறது. தேடி எடுக்க வருந்தியது தங்குகிறது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல் இணையவழிப் பாடங்களில், இடைவெளி விட்டுப் பயின்று நினைவைச் சோதிக்கும் இந்த நெறி அமைந்திருக்கிறது. பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அவற்றுள் சிறந்த எட்டுக்கு 25 விழுக்காடு, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு மதிப்பெண். வாரக் கெடுவைப் பலர் தொல்லையாகக் கருதுகின்றனர். நான் அதை ஆசிரியரின் அக்கறையாகவே காண்கிறேன். ஆனால் காணொளியை ஒரு பக்கம் ஓடவிட்டு, விடையைத் தேடிக் குறித்து அனுப்பினால், மதிப்பெண் வரும். நினைவு பயிற்சி பெறாது.

வயது கடந்துவிட்டதே என்னும் அச்சமும் வேண்டா. இலண்டன் வாடகை ஊர்தி உரிமத்துக்காக ஆண்டுக்கணக்கில் தெருக்களை மனத்தில் பதித்துத் தேறிய பெரியவர்களுக்கு, மூளையில் இடநினைவுக்குரிய பின் இப்போகேம்பசுப் பகுதி பெருத்திருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பயின்றும் தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

ஆகவே, இன்றிரவு படிக்கும் அன்பர்களே, காணொளியை ஆறாம் மணித்துளியில் நிறுத்துங்கள். 2014-இல் எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் ஏறத்தாழ 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்தபோது, காணொளி எவ்வளவு நீண்டாலும் பார்வையாளர் ஈடுபாடு பெரும்பாலும் ஆறு மணித்துளியைத் தாண்டவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, கேட்டதை மூன்று வரிகளில் எழுதுங்கள். நாளைக் காலைப் பேருந்தில், தாளைப் பாராமல் அந்த மூன்று வரிகளையும் சொல்லிப் பாருங்கள்.