பக்கவாதத்திற்குப் பின் மூளையில் நடப்பது என்ன?



"நின்றுபோன இரத்த ஓட்டம் திரும்பி வருமா, ஐயா?" பக்கவாத நோயாளிக்காக ஜெபிக்கும்போதெல்லாம் வீட்டார் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. எங்கள் மருத்துவர்கள் விளக்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மூளையின் எடை நம் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே. ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதம் அதற்கே செலவாகிறது. ஆகவே ஒரு குழாயில் இரத்தக்கட்டி அடைத்தால், நடுப்பகுதி சில நிமிடங்களில் மடியத் தொடங்குகிறது. சுற்றியுள்ள பகுதி உடனே சாவதில்லை. வாய்க்கால் அடைபட்டாலும் பக்கத்து வாய்க்காலின் கசிவில் ஓரத்துப் பயிர் வாடியபடி பிழைத்திருப்பதுபோல, பக்கக் குழாய்கள் தரும் சொற்ப இரத்தத்தில் அது சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. மூளையின் அடியில் குழாய்கள் வளையமாக இணைந்திருப்பதை 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் விவரித்தார். சிருஷ்டிகர் முன்னமே வைத்த மாற்றுவழி என்றே நாங்கள் அதை எண்ணுகிறோம்.

அந்த ஓரப் பகுதியைக் காப்பாற்றவே அவசரம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதலில் ஸ்கேன் எடுத்து மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கசிவு இருந்தால் அதே ஊசி உயிருக்கு ஆபத்து. வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் விடியும்வரை காத்திராதீர்கள்.

மாலையில் கை விழுந்துபோன ஒரு தகப்பனாரை, எண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்து, மறுநாள் காலையில்தான் கொண்டுவந்தார்கள். அறியாமல் செய்த தாமதம். ஊசிக்குரிய நேரம் கடந்திருந்தது.

ஆயினும் நம்பிக்கை அற்றுப்போகவில்லை. அடுத்து வரும் நாட்களிலும் வாரங்களிலும் சேதமடைந்த இடத்தின் ஓரத்தில் நுண்ணிய புதிய இரத்தக்குழாய்கள் துளிர்க்கின்றன. மடிந்த அணுக்களை அவை எழுப்புவதில்லை, தப்பியவற்றைப் போஷிக்கின்றன. தப்பிய அணுக்கள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்ள, விடாத பயிற்சி வேண்டும். முதல் மூன்று மாதங்கள் மிக முக்கியம். அதன் பின்னும் முன்னேற்றம் உண்டு.

அந்தத் தகப்பனாரின் கை இன்னும் முழுவதும் குணமாகவில்லை. ஆனால் கோல் ஊன்றி எங்கள் சிற்றாலயத்துக்கு நடந்து வருகிறார். தன் கையால் சாப்பிடுகிறார். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் வாரக்கணக்கில் பிசியோதெரபிக்குச் செலவழிக்க இயலாது. அந்த நாட்களைத் தாங்குவது உங்கள் காணிக்கையே.

தொடர்ந்து ஜெபியுங்கள். இந்த அறிகுறிகளை உங்கள் சபையிலும் வாசித்துச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகரும் உடன் ஊழியர்களும்