42 வயது வரை சர்வதேச டேபிள் டென்னிஸ்: சரத் கமலால் எப்படி முடிந்தது?

கொஞ்சம் பெரிய ஐ.டி. கம்பெனி என்றால் கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு டிடி டேபிள் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் ஆடிவிட்டு சீட்டுக்குத் திரும்புகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாவது கேமிலேயே மூச்சு வாங்கும். அதே விளையாட்டை, உலகின் முன்னணி வீரர்களுக்கு எதிராக, 42 வயது வரை ஆடியவர் நம்ம சென்னைக்காரர் அசந்தா சரத் கமல்.

2025 மார்ச் 29 அன்று பெரியமேடு ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கில் அவர் கடைசி ஆட்டத்தை ஆடினார். போட்டியின் பெயர் டபிள்யூ.டி.டி. ஸ்டார் கன்டென்டர். எதிரில் நின்றவர் இன்னொரு இந்தியர், இளம் வீரர் ஸ்நேஹித் சுரவஜ்ஜுலா. 0-3 என்று சரத் தோற்றார். தோற்றாலும் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால்தான் விடைபெற்றார்.

ஒரு விளையாட்டு வீரரின் ஓய்வு என்பதைத் தாண்டி இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. கிரிக்கெட் அல்லாத ஒரு விளையாட்டில், சென்னையிலிருந்து கிளம்பி, 20 வருஷத்துக்கு மேல் உச்சத்தில் இருப்பது எப்படி சாத்தியமானது? பார்ப்போம்.

எங்கே தொடங்கியது?

1982 ஜூலை 12-ல் பிறந்த சரத்துக்கு முதல் கோச், அப்பா சீனிவாச ராவ். சித்தப்பா முரளிதர ராவும் பயிற்சி கொடுத்தார். நுங்கம்பாக்கம் பி.எஸ்.பி.பி. பள்ளி, பிறகு லயோலா கல்லூரி. வீடு, பள்ளி, கல்லூரி, டேபிள் எல்லாமே சென்னைக்குள்தான்.

2003-ல் முதல் தேசிய சாம்பியன் பட்டம். 2022-ல் ஷில்லாங்கில் பத்தாவது பட்டம். அந்த இறுதிப் போட்டியில் அவர் 4-3 என்று வென்றது இன்னொரு சென்னைக்காரரான சத்தியன் ஞானசேகரனை. சரத்துக்கு முன்பு ஆண்கள் பிரிவில் அதிகபட்சம் கமலேஷ் மேத்தாவின் 8 பட்டங்கள்தான்.

ஏன் ஜெர்மனி போனார்?

நம் நாட்டில் ஒரு விளையாட்டு வீரருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் பொதுத்துறை வேலைதான். ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்கள் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். சரத்தும் இந்தியன் ஆயில் ஊழியர். இதனால் மாதச் சம்பளம் நிச்சயம், வீட்டுக்கும் நிம்மதி. ஆனால் ஒன்று மட்டும் கிடைக்காது: வாராவாரம் தன்னைவிடப் பலமான ஆட்களோடு மோதும் வாய்ப்பு.

ஜெர்மனியில் அது கிடைக்கும். அங்கே விளையாட்டு என்றால் கிளப். ஒவ்வொரு ஊரிலும் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் கிளப்புகள். அவற்றின் உச்சியில் 'புண்டஸ்லிகா' என்ற தொழில்முறை லீக். கால்பந்துக்கு மட்டும் இல்லை, ஹேண்ட்பாலுக்கும் டேபிள் டென்னிஸுக்கும்கூட தனித்தனி புண்டஸ்லிகா உண்டு. ஒரு ஹேண்ட்பால் வீரர் அங்கே கிளப் சம்பளத்திலேயே தன் முழு கரியரையும் முடித்து ஓய்வு பெற முடியும். டேபிள் டென்னிஸிலும் அப்படித்தான்.

சரத் ஆடிய கிளப்புகளில் ஒன்று போருசியா டஸ்ஸல்டார்ஃப். அதிக முறை ஜெர்மன் சாம்பியனான கிளப் அது. அங்கே அவருடைய அணித்தோழர், 2003-ல் உலக நம்பர் 1 ஆன டிமோ போல். பயிற்சி ஹாலில் பக்கத்து டேபிளிலேயே அப்படி ஒரு ஆள் நிற்கிறார் என்றால் ஆட்டம் தானாக மாறத்தானே செய்யும்? சரத்தைவிட ஒரு வயது மூத்தவரான போலும், அதே 2025-ல்தான் கிளப் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது

நீண்ட கரியரில் வயது மட்டும் எதிரி இல்லை. விதிகளும்தான்.

* 2000: பந்தின் விட்டம் 38 மி.மீ.-லிருந்து 40 மி.மீ. ஆனது. வேகமும் ஸ்பின்னும் குறைந்தன.
* 2001: ஒரு கேமுக்கு 21 புள்ளி என்பது 11 ஆனது. தொடக்கத்தில் கொஞ்சம் தூங்கினால் கேமே போச்சு.
* 2008: பேட் ரப்பரில் வேகம் கூட்டத் தடவும் 'ஸ்பீட் க்ளூ'வுக்குத் தடை வந்தது.
* 2014: செல்லுலாய்ட் பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஸ்பின் இன்னும் குறைந்தது.

சரத்தின் பலம், டேபிளிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று அடிக்கும் ஃபோர்ஹேண்ட். மேலே சொன்ன ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த பலத்தைத் திரும்ப முதலிலிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. பாதி கரியரில் புது சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அதை அவர் உடம்பால் செய்தார்.

என்ன சாதித்தார்?

2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர், அணி என இரண்டு தங்கம். அடுத்த ஒற்றையர் தங்கம் வந்தது 2022 பர்மிங்காமில். இடையில் 16 வருஷம்! அப்போது அவருக்கு 40 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டை 4-1 என்று வென்றார். அதே போட்டியில் ஸ்ரீஜா அகுலாவுடன் கலப்பு இரட்டையர் தங்கமும் அணித் தங்கமும். காமன்வெல்த்தில் மொத்தம் 13 பதக்கங்கள், அதில் 7 தங்கம்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை வீழ்த்தி இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. ஆசிய விளையாட்டு டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். மணிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையரில் இன்னொரு வெண்கலம்.

2004 ஏதென்ஸில் தொடங்கி 2024 பாரிஸ் வரை 5 ஒலிம்பிக். 2012 லண்டனுக்குத் தகுதி பெறவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்களுக்குப் பதில் டோக்கியோவில் வந்தது. சீனாவின் மா லாங்கிடம் 1-4 என்று தோற்றாலும், அந்த ஜாம்பவானிடம் ஒரு கேமைப் பறித்து, இன்னொரு கேமை 11-13 வரை இழுத்தார்.

41 வயதில், 2024 மார்ச்சில் சிங்கப்பூர் ஸ்மாஷ் போட்டியில் உலகின் 13-வது இடத்தில் இருந்த டார்கோ யோர்கிச்சை வென்று காலிறுதி வரை போனார். பாரிஸ் ஒற்றையர் வாய்ப்புக்கு வழி திறந்தது அந்த ஆட்டம்தான். பாரிஸில் பி.வி.சிந்துவுடன் தேசியக் கொடியையும் ஏந்தினார்.

ஆனால், ஒலிம்பிக் பதக்கம்?

இல்லை. ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் 1988-ல் சேர்ந்தது. அன்று முதல் சீனாவின் ஆதிக்கம்தான். பாரிஸில் 5 தங்கமும் அவர்களுக்கே. சரத்தின் கடைசி ஒலிம்பிக் ஒற்றையர் முதல் ஆட்டத்திலேயே முடிந்தது. பத்ம ஸ்ரீ, கேல் ரத்னா எல்லாம் வாங்கியவருக்கும் இந்த ஒரு இடம் காலிதான்.

இந்த ஊரின் டேபிள் டென்னிஸ் கதையில் இதைவிடக் கனமான இழப்பும் உண்டு. மூன்று முறை தேசிய சாம்பியனான வி.சந்திரசேகரின் ஆட்டம், 1984-ல் ஒரு முழங்கால் அறுவை சிகிச்சை தவறிப்போனதால் நின்றது. பார்வையும் நடையும் பாதிக்கப்பட்டன. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு கோச்சாகத் திரும்பினார். அவர் வளர்த்த பையன்களில் ஒருவர்தான் சத்தியன். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. அவருக்குக் கிடைக்காத அந்த நீண்ட கரியர்தான் சரத்துக்குக் கிடைத்தது.

இனி என்ன?

இன்று சரத் காலத்தைவிட நிலைமை பரவாயில்லை. 2017-ல் 'அல்டிமேட் டேபிள் டென்னிஸ்' லீக் வந்தது. வெளிநாட்டு வீரர்களோடு ஒரே அணியில் ஆட வாய்ப்பு கிடைக்கிறது. 2019-ல் சென்னை லயன்ஸ் கோப்பையும் வென்றது. ஆனால் அந்த லீக் சில வாரங்களில் முடிந்துவிடும். ஜெர்மன் லீக் போல மாதக்கணக்கில் ஓடாது. வருஷம் முழுக்கக் கடுமையான ஆட்டம் வேண்டுமென்றால் இன்னமும் விமானம் ஏறத்தான் வேண்டும்.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ சாயங்காலம் பேட்டைத் தூக்கிக்கொண்டு கோச்சிங் கிளாஸ் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். பத்தாம் வகுப்பு வந்ததும் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். வீட்டில் 'இதை வச்சு என்ன பண்ணப்போறே?' என்று கேட்பதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு சரத்தின் 22 வருஷம் ஒரு பதில். ஆனால் அவருக்கு வீட்டிலேயே இரண்டு கோச்சுகள், கையில் ஒரு வேலை, ஐரோப்பாவில் ஒரு கிளப் என மூன்றும் அமைந்தன. அடுத்த பிள்ளைக்கும் இவை அமையுமா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.