போத்தலுக்குள் ஒரு பச்சைப் பந்து

பிள்ளைகள் நாய் கேட்பார்கள், பூனை கேட்பார்கள். இரண்டு வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு, இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில், அது நடக்கிற காரியமல்ல. கடைசியில் ஒரு மீன் தொட்டிதான் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒரு மாதத்தில் கண்ணாடி முழுவதும் பச்சை பிடித்து, மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டி பல்கனி மூலைக்குப் போய்விடுகிறது. ஆசையோடு பெயர் வைத்து வளர்த்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. ரொறன்ரோவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் நடக்கும் கதை இது. தவிர்க்கக்கூடிய கதையும் கூட.

மீனுக்கு முன்னர் ஒரு பாசிப் பந்தை வாங்கிப் பாருங்கள் என்பதே எனது ஆலோசனை. மீன் கடைகளில் 'மொஸ் போல்' என்றும் 'மரிமோ' என்றும் விற்கிறார்கள். மூடியில்லாத ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். ஹீற்றர் வேண்டாம், பம்ப் வேண்டாம், சாப்பாடு போடவும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் அதை 'மொஸ்' என்று அழைப்பது தவறான பெயர். உண்மையில் அது நீரில் வளரும் அல்கா இனம். ஏகாக்ரோபிலா லின்னேயி என்பது விஞ்ஞானப் பெயர். நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. கிணற்றுக் கட்டில் பிடிப்பதும் பாசிதான், குளத்தில் மிதப்பதும் பாசிதான். தமிழில் பாசிப் பந்து என்றால் எந்தப் பிழையும் கிடையாது.

இதற்குப் பேர்போன இடம் யப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள ஆக்கான் ஏரி. அங்கே அலைகள் மெல்ல உருட்ட உருட்ட, பாசி இழைகள் உருண்டையாகவே வளர்கின்றன. 30 சென்ரிமீற்றர் வரை பருத்த பந்துகளும் உண்டு. 1921இல் யப்பான் அதை இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. 1952இல் சிறப்பு இயற்கைச் சின்னமாக உயர்த்தியது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அயினு மக்கள் 1950 முதல் ஒக்ரோபர் மாதத்தில் அதற்கு விழாவே எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தின் மீவாட்ன் ஏரியிலும் இப்பந்துகள் பெருந்தொகையாகக் கிடந்தன. ஏரி கலங்கி அடித்தளத்துக்கு வெளிச்சம் போகாமல், 2014 அளவில் அவை அநேகமாக அழிந்தேவிட்டன.

வளர்ச்சி மிக மெதுவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர்தான். (கடையில் கிடைப்பவற்றில் பல, இழைகளைச் சேர்த்துக் கையால் உருட்டியவை. பிளாஸ்ரிக் உருண்டையில் வேறு பாசியைச் சுற்றியும் விற்கிறார்கள். அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.) குளிர்ந்த ஏரிச் சீவன் என்பதால் நேரடி வெயில் ஆகாது. யன்னலோரத்தில் வைத்தால் மண்ணிறமாகிவிடும். அறையின் நிழலான பக்கமே அதற்கு உகந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, பந்தை மெதுவாகப் பிழிந்து, மறுபக்கம் திருப்பி வையுங்கள். திருப்பாவிட்டால் அடிப்பக்கம் பழுதாகி உருண்டை தட்டையாகும். வெளிச்சம் நன்றாகக் கிடைத்தால் சிலவேளை பந்து மேலெழுந்து மிதக்கும். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஒட்சிசன் குமிழிகள் இழைகளில் சிக்கித் தூக்குவதே காரணம் என்பதை 2018இல் பிரிஸ்ரல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஒரு விஞ்ஞான பாடம்.

போத்தலை ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்த பிள்ளைக்குத் தாராளமாகத் தொட்டி வாங்கிக் கொடுக்கலாம். பத்து கலன் தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 50 கிலோ வரும். மேசை உறுதியாக இருக்கட்டும்.

தொட்டியில் தேவையில்லாத பாசி ஏன் பிடிக்கிறது? வெளிச்சமும் சாப்பாடும் மிஞ்சுவதால். லைற்றை இரவு பகலாக எரிய விடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும். மலிவான ரைமர் ஒன்று பூட்டிவிட்டால் மறக்க இடமில்லை. வந்த விருந்தினரெல்லாம் ஆளுக்கொரு பிடி மீன் தீனி போடுவதையும் நிறுத்துங்கள். புதுத் தொட்டியில் வரும் மண்ணிறப் படலத்துக்குப் பயப்பட வேண்டாம், அது சில கிழமைகளில் தானாகவே குறையும். நீலப்பச்சையாய்ச் சவ்வுபோலப் படர்ந்து நாறினால் அது பாசியே அல்ல, ஒருவகை பக்ரீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கடைக்காரர் பாசி கொல்லி மருந்தை நீட்டினால் வாங்காதீர்கள். பாசிப் பந்தும் பாசிதானே, மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். செம்பு கலந்த மருந்தென்றால் இறாலும் நத்தையும் கூடச் சாகும்.

மருந்தைவிடச் செடிகள் நல்லவை. அவை வேகமாக வளர்ந்தால் பாசிக்குச் சாப்பாடு மிஞ்சாது. கடையில் 'கிரிப்ரோகொரைன் வென்ரி' என்று கேளுங்கள். குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும் அந்தச் செடியின் சொந்த மண் இலங்கையேதான். நம்மைப்போலவே இங்கு வந்து வேர்விட்டது.

இனித் தண்ணீர். ஊரில் கிணற்றில் அள்ளி அப்படியே ஊற்றினோம். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். ரொறன்ரோவில் அது சரிவராது. இங்கே குளோரினோடு அமோனியாவும் சேர்த்துக் குளோரமைனாக விடுகிறார்கள். அது இலகுவில் ஆவியாகாது, மீனின் செவுளைத் தாக்கும். குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருக்கும் தண்ணீர் மருந்தைப் பார்த்து வாங்குங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது மீன்களுக்கு மரண தண்டனை. பில்ரர் பஞ்சையும் பைப்பில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். அதிலுள்ள நல்ல பக்ரீரியாதான் மீனின் கழிவைச் சுத்தமாக்குகிறது. அது பெருக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். முதல் மாதத்தில் மீன்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. 2021இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரக் கடையொன்றில், பாசிப் பந்துக்குள் 'சீப்ரா மசல்' எனும் வரிச்சிப்பி ஒளிந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் கனடாக் கடைகளிலும் அகப்பட்டது. கருங்கடல் பக்கத்துச் சிப்பியான இது, கப்பல்களின் தண்ணீரோடு வந்து 1988இல் சென். கிளெயர் ஏரியில் தென்பட்டது. அதன்பின் பேரேரிகளெங்கும் பரவி, தண்ணீர்க் குழாய்களை அடைத்துப் பெரும் செலவு வைத்தது. இன்னும் அது போகாத ஏரிகள் கனடாவில் நிறைய உண்டு. பந்தை வாங்கும்போது பிரித்துப் பாருங்கள். நகத்தளவு வரியுள்ள சிப்பி இருந்தால், அல்லது பந்து வேண்டாமென்றால், பையில் கட்டி ஒரு முழு நாள் உறைபெட்டியில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஊற்றுங்கள். வளர்க்க முடியாத மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விடுவது புண்ணியமல்ல. சட்டப்படி குற்றமும் ஆகும். கடைக்கோ, வேறு வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள்.

சிப்பியும் மருந்தும் இல்லாத தொட்டியென்றால், கிழமைதோறும் எடுக்கும் பழைய தண்ணீரை வீணாக்க வேண்டாம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் வாடி நிற்கும் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றுங்கள். அதற்கு இதைவிட நல்ல பசளை இல்லை.