குதிகால் எலும்பும் சினிமாச் சிலுவையும்

மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' 2004இல் வெளியானபோது, 'நடந்ததை அப்படியே காட்டிவிட்டார்' என்று பாராட்டியவர்கள் ஏராளம். பாத்திரங்கள் ஆங்கிலம் பேசவில்லை. அரமேயமும் லத்தீனும் பேசின. ஆனால் கல்வாரிக்குப் போகும் வழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இயேசு முழுச் சிலுவையையும் இழுத்துக்கொண்டு நடக்கிறார். கூடவே வரும் இரண்டு கள்வர்களின் தோளில் குறுக்குக் கட்டை மட்டும்தான் இருக்கிறது. ஒரே நாள், ஒரே ஊர்வலம், ஒரே படைப்பிரிவு. தண்டனைக் கருவி மட்டும் இரண்டு விதம்! கள்வர்களுக்கு வரலாற்று நூலைப் பார்த்தும் இயேசுவுக்குத் தேவாலய ஓவியத்தைப் பார்த்தும் கலை இயக்குநர் வேலை செய்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. படத்தின் பல காட்சிகளுக்கு ஆன் கேத்தரின் எம்மரிக் என்ற ஜெர்மானியக் கன்னியாஸ்திரீ கண்ட தரிசனங்கள்தான் மூலம். அவை நூலாக வந்தது 1833இல்.

நிறைய ரத்தம் காட்டினால் அது நிஜம் என்று நாம் நம்பிவிடுகிறோம். ரோமானியர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கான சான்றுகள் ரத்தமில்லாதவை: சில எலும்புகள், சுவர்க் கிறுக்கல்கள், ஒரு ஒப்பந்தக் கல்வெட்டு.

முதலில் மரத்தைப் பார்ப்போம். தண்டனை பெற்றவர் குறுக்குக் கட்டையைச் சுமந்து செல்வதே வழக்கம். செங்குத்து மரம் கொலைக்களத்தில் தயாராக நின்றிருக்கும். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பு வாழ்ந்த நாடகாசிரியர் பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களிலேயே, கட்டையைச் சுமந்து ஊரைச் சுற்றப்போகும் அடிமை என்ற கேலி வருகிறது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1986இல் வெளியான ஒரு கட்டுரை, முழுச் சிலுவை 135 கிலோவைத் தாண்டும் என்றும், குறுக்குக் கட்டை மட்டும் 34 முதல் 57 கிலோ வரை இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. கசையடி வாங்கிய ஒருவரால் இரண்டாவதைத் தூக்குவதே பெரும்பாடு. ஃபிராங்கோ செஃபிரெல்லி 1977இல் எடுத்த 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' தொடரில் இயேசுவாக நடித்த ராபர்ட் பவல் கட்டையை மட்டும் சுமந்து வருவார். அந்த ஒரு விஷயத்தில் செஃபிரெல்லி கிப்சனைவிட 27 ஆண்டுகள் முன்னால் இருந்தார்.

அப்படியானால் முழுச் சிலுவை எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சியோடு இந்தத் தண்டனை வழக்கொழிந்தது. ரோமில் சாந்தா சபீனா தேவாலயத்தின் மரக்கதவில் உள்ள சிலுவைக் காட்சி சுமார் 430ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொதுவிடத்தில் வைக்கப்பட்ட சிலுவைக் காட்சிகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதைச் செதுக்கியவர் தன் வாழ்நாளில் ஒரு சிலுவைத் தண்டனையையாவது நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. அவருக்குப் பின் வந்த ஓவியர்கள் முந்தைய ஓவியர்களைப் பார்த்து வரைந்தார்கள். சினிமாக்காரர்கள் ஓவியங்களைப் பார்த்துப் படமெடுத்தார்கள். 'பாசமலர்' பீம்சிங் இயக்கிய தெலுங்குப் படமான 'கருணாமயுடு' 1978இல் வந்து, தமிழில் 'கருணாமூர்த்தி'யாக நம் ஊர்களில் ஓடியதே, அதுவும் இந்தப் பரம்பரைதான். அது பக்திப் படம். அதைக் குறை சொல்வது நியாயமில்லை. தொல்லியல் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் படங்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அந்த வகையில் எனக்குச் சுவையாகப் படுவது மார்ட்டின் ஸ்கார்செசியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' (1988). அதில் வில்லெம் டஃபோ கட்டையை மட்டும் சுமக்கிறார். ரோமானிய வழக்கப்படி நிர்வாணமாக அறையப்படுகிறார். ஆணி உள்ளங்கையில் இறங்காமல் மணிக்கட்டில் இறங்குகிறது. முழங்கால்கள் மடங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. இந்தக் கடைசி விவரத்துக்குப் பின்னால் ஒரு உண்மையான எலும்பு இருக்கிறது.

1968இல் ஜெருசலேமின் வடகிழக்கில் கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது கல்லறைக் குகைகள் தென்பட்டன. வசிலியோஸ் ட்சஃபெரிஸ் என்ற தொல்லியலாளர் அவற்றை அகழ்ந்தார். யெகோஹனான் என்று பெயர் பொறித்த சுண்ணாம்புக்கல் பெட்டிக்குள் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆணின் எலும்புகள் இருந்தன. அவனுடைய வலது குதிகால் எலும்பில் ஒரு இரும்பு ஆணி குத்தி நின்றது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் எலும்பு ஆணியோடு கிடைத்தது அதுவே முதல்முறை. ஆணியின் முனை வளைந்துபோயிருந்ததால் பிடுங்க முடியவில்லை; அப்படியே புதைத்துவிட்டார்கள்.

மத நெறிப்படி எலும்புகளை விரைவில் மறுபடி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே உடற்கூற்றியலாளர் நிக்கு ஹாஸுக்குக் கிடைத்தவை சில வாரங்கள்தான். ஒரே ஆணி இரண்டு குதிகால்களையும் சேர்த்துத் துளைத்தது, கால்கள் ஒட்டி மடங்கிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன, முன்கை எலும்பிலும் ஆணித் தடம் உண்டு என்று அவர் 1970இல் எழுதினார். கூடவே வெளியான வரைபடம் உலகெங்கும் பரவியது. 1985இல் ஆய்வாளர்கள் ஜோ சயாஸும் எலியேசர் செகெலெஸும் மறுபடி அளந்து பார்த்தார்கள். ஆணியின் நீளம் 11.5 சென்டிமீட்டர்தான், ஒரு மரத் துண்டையும் இரண்டு குதிகால்களையும் துளைத்துச் செங்குத்து மரத்திலும் இறங்க அது போதாது. இரண்டாவது குதிகால் என்று ஹாஸ் கருதிய எலும்பு குதிகாலே இல்லை. கையில் இருந்த கீறலும் ஆணித் தடம் அல்ல. அவர்கள் முடிவு இது: கால்கள் மரத்தின் இரு பக்கமும் கவட்டையாக விரிந்திருந்தன, ஒவ்வொரு குதிகாலிலும் பக்கவாட்டில் தனித்தனி ஆணி, கைகளைக் கயிற்றால் கட்டியிருக்கலாம்.

ஸ்கார்செசியின் படம் வந்தது 1988இல். திருத்தம் வெளியாகி மூன்று ஆண்டுகள் கழித்து, திருத்தத்துக்கு முந்தைய பழைய தோற்றத்தையே திரை காட்டியது. ஆய்வேடு மெதுவாக நடக்கும்; படம் ஒருமுறை மனதில் பதிந்தால் நகராது.

சயாஸ் சொன்ன தோற்றத்துக்குப் பக்கபலம் பழைய கிறுக்கல்களில் இருக்கிறது. ரோமின் பாலட்டைன் குன்றில், கழுதைத் தலையோடு ஒருவனைச் சிலுவையில் வரைந்து, 'அலெக்சமெனோஸ்' என்ற கிறிஸ்தவனைக் கேலி செய்யும் சுவர்க் கிறுக்கல் ஒன்று உண்டு. சுமார் 200ஆம் ஆண்டு என்கிறார்கள். நேப்பிள்ஸ் அருகே புத்தேயோலி நகரக் கடைச் சுவரில் கிடைத்த இன்னொரு கிறுக்கலில் சிலுவை ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கிறது, கால்கள் விரிந்திருக்கின்றன, அருகில் எழுதியிருக்கும் பெயர் அல்கிமிலா, பெண்ணின் பெயர் போலத் தெரிகிறது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதங்களை வைத்து முன்பக்கமிருந்து அடித்த ஒற்றை ஆணி, சினிமாவின் செல்லக் காட்சி. கிடைத்த எலும்புகளில் அதற்குச் சான்று இல்லை.

எலும்புகள் ஏன் இவ்வளவு குறைவு? கயிற்றால் கட்டிய உடலில் தடம் இருக்காது. பெரும்பாலான உடல்கள் முறையாகப் புதைக்கப்படவும் இல்லை. ஆணியைக் கழற்றி எடுத்துப்போவார்கள். இரும்புக்கு விலை உண்டு, போதாததற்குச் சிலுவை ஆணி நோய் தீர்க்கும் தாயத்து என்ற நம்பிக்கையும் இருந்தது. 2017இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஃபென்ஸ்டான்டன் என்ற ஊரில் ரோமானியக் காலக் கல்லறைகளைத் தோண்டியபோது கிடைத்த ஓர் ஆணின் குதிகாலில் ஆணி இருந்ததை, ஆய்வகத்தில் மண்ணைக் கழுவும்போதுதான் கவனித்தார்கள். யெகோஹனானுக்குப் பிறகு ஆணியோடு கிடைத்த தெளிவான சான்று அது. அந்த மனிதர் 130க்கும் 360க்கும் இடையே வாழ்ந்தவர். பேரரசின் ஏதோ ஒரு மூலைக் கிராமத்தில் செத்தவர். படமெடுக்க ஆசைப்படுபவர்கள் ஜெருசலேமைத் தாண்டியும் யோசிக்கலாம்.

மணிக்கட்டு ஆணிக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியர் பார்பே, இயேசுவின் சவத்துணி என்று நம்பப்படும் டூரின் துணியில் தெரியும் கறையைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் உள்ளங்கையில் ஆணி அடித்து 40 கிலோ எடையைத் தொங்கவிட்டார். சற்று நேரத்தில், ஓர் உலுக்கலில், சதை கிழிந்தது. ஆகவே ஆணி மணிக்கட்டில்தான் என்று தீர்ப்பளித்தார். சினிமாக்காரர்கள் 'இதுதான் அறிவியல்' என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தத் துணியின் காலம் 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று 1988இல் மூன்று ஆய்வகங்கள் செய்த கரிமக் காலக்கணிப்பு சொன்னது வேறு விஷயம்.

பார்பேயின் சோதனையில் இயற்பியல் சரிதான், ஆனால் பாதி. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு தொய்யக்கூடாதென்று இறுக்கிக் கட்டினால் சுவர் ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, அதே கணக்குதான் இங்கேயும். 80 கிலோ எடையுள்ளவர் கைகளால் மட்டும் தொங்கினால், கைகள் நேர் மேலே இருக்கும்போது ஒவ்வொரு கையிலும் 40 கிலோ. செங்குத்திலிருந்து 65 பாகை விரிந்தால் சுமார் 95 கிலோ. 80 பாகைக்குப் போனால் 230 கிலோ. ஓவியங்களில் வருவதுபோலக் கைகள் கிடைமட்டமாக நீண்டிருந்தால், உள்ளங்கையானாலும் மணிக்கட்டானாலும் தாங்காது. உடலின் பாரத்தை வேறு ஏதோ ஒன்று சுமந்திருக்க வேண்டும்: கால் ஆணிகள், கயிறு, அல்லது உட்காருமிடத்தில் அடித்த ஒரு முளை. அந்த முளையைப் பற்றி இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஜஸ்டினும் ஐரினேயுஸும் எழுதியிருக்கிறார்கள். அது இரக்கத்துக்காக வைத்தது அல்ல, சாவைத் தள்ளிப்போட வைத்தது. பெரும்பாலான படங்கள் அதை விட்டுவிடுகின்றன.

சாவு எதனால் வந்தது? மூச்சை வெளிவிட முடியாமல், காலை ஊன்றி எழுந்து எழுந்து களைத்து, மூச்சுத்திணறிச் சாவார்கள் என்பது பார்பே பரப்பிய விளக்கம். ஆனால் அதற்கு ஆதாரமான கவனிப்புகளில் முக்கியமானவை, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கட்டித் தொங்கவிடும் ராணுவத் தண்டனையிலிருந்து வந்தவை. சிலுவையில் கைகள் அப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்து மரண விசாரணை மருத்துவர் ஃபிரெடரிக் சுகிபே, தன்னார்வலர்களைத் தோல் கையுறை மாட்டிச் சிலுவையில் தொங்கவிட்டு, இதயத் துடிப்பையும் ரத்தத்தின் ஆக்சிஜனையும் அளந்தார். யாருக்கும் மூச்சு முட்டவில்லை. அதிர்ச்சியாலும் ரத்த இழப்பாலும் வந்த மரணம் என்றார் அவர். அவருடைய தன்னார்வலர்கள் கசையடி வாங்கியவர்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006இல் ஆய்வாளர்கள் மாஸ்லனும் மிட்செலும் பத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகளை அலசிவிட்டு, எதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று கணக்கை முடித்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தொங்கவிடப்பட்டபோது எல்லோருக்கும் ஒரே மரணக் காரணம் தேடுவதே வீண் என்பது என் எண்ணம். தலைகீழாகத் தொங்கியவர்களையும் கழுவேற்றப்பட்டவர்களையும் பற்றி ரோமானியத் தத்துவஞானி செனெகா எழுதுகிறார். கி.பி. 70இல் ஜெருசலேம் முற்றுகையின்போது சிப்பாய்கள் விளையாட்டாக வெவ்வேறு கோலங்களில் ஆட்களை அறைந்தார்கள், நாளொன்றுக்கு 500 பேர், சில நாள்களில் அதற்கும் மேல் பிடிபட்டார்கள், கடைசியில் சிலுவைக்கு மரமும் நட இடமும் போதவில்லை என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ்.

திரைக்குச் சற்றும் ஒத்துவராதது நேரம். இயேசு சில மணி நேரத்தில் இறந்துவிட்டார் என்று கேட்டு ரோமானிய ஆளுநர் பிலாத்து வியந்ததாக மாற்கு நற்செய்தியே சொல்கிறது. பலர் நாள்கணக்கில் தொங்கினார்கள். யோசேபஸ் தனக்குத் தெரிந்த மூவரைச் சிலுவையில் பார்த்து, ரோமானியத் தளபதி டைட்டஸிடம் மன்றாடி இறக்கிவிட்டார். வைத்தியம் பார்த்தும் இருவர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். 1961இல் வந்த 'பரபாஸ்' படத்துக்காக ரிச்சர்ட் ஃபிளெய்ஷர் இத்தாலியில் உண்மையான சூரிய கிரகணத்தின்போதே சிலுவைக் காட்சியைப் படமாக்கினார். வானம் நிஜம், பிரமாதமான காட்சி. ஆனால் கிரகணம் சில நிமிடங்கள், சிலுவை அப்படியல்ல.

உயரமும் அப்படித்தான். வானத்தை முட்டும் சிலுவை சினிமாவுக்கு அழகு, ரோமானியத் தச்சனுக்கு வீண் செலவு. ஸ்பெயினில் ஆளுநராக இருந்த கல்பா, தான் ரோமக் குடிமகன் என்று முறையிட்ட ஒரு கொலைகாரனுக்கு, 'மரியாதை' செய்வதற்காக மற்றவற்றைவிட உயரமான, வெள்ளையடித்த சிலுவையை நடச் சொன்னாராம். உயரம் அங்கே ஒரு நக்கல் என்றால், வழக்கமான சிலுவை அவ்வளவு உயரமில்லை என்றுதானே பொருள்? எண்ணிக்கைக்கு வருவோம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஸ்பார்ட்டகஸ்' (1960) அடிமைக் கிளர்ச்சித் தலைவனான நாயகனைச் சிலுவையில் முடித்துவைக்கிறது. அவன் உடல் கிடைக்கவே இல்லை என்கிறார் வரலாற்றாசிரியர் அப்பியன். ஆனால் கி.மு. 71இல் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரச் சிலுவைகளில் 6,000 கிளர்ச்சியாளர்கள் என்று அவர் சொல்வதைக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் 33 மீட்டருக்கு ஒருவர். இந்தப் பெருந்தொகை உற்பத்தியைக் காட்ட முயன்றதற்காகக் குப்ரிக்குக்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

மான்டி பைதான் குழுவின் கேலிப்படமான 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அதில் தண்டனைக் கைதிகளைக் கயிற்றால் கட்டுகிறார்கள். ஒரு அதிகாரி பட்டியலை வைத்துக்கொண்டு, ரேஷன் கடைப் பணிவோடு ஆட்களை வரிசையில் அனுப்புகிறார். சிரிப்புக்காக எழுதியதுதான். ஆனால் புத்தேயோலியில் கிடைத்த நகரச் சட்டக் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி மிகை இல்லை. ஊரின் ஈமச்சடங்குகளை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரரே சிலுவை வேலையையும் செய்ய வேண்டும் என்கிறது அது. யாராவது தன் அடிமையைச் சிலுவையில் அறைய விரும்பினால், மரம், சங்கிலி, கயிறு, சாட்டையடிக்கும் ஆட்கள் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. கட்டை சுமப்பவர், சாட்டையடிப்பவர், தண்டனையை நிறைவேற்றுபவர் ஆகியோருக்குத் தலைக்கு 4 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கூலியை உரிமையாளர் தர வேண்டும். அதிகாரியின் உத்தரவுப்படி நடக்கும் தண்டனை என்றால் சிலுவை, ஆணி, கீல், மெழுகு, மெழுகுவத்தி எல்லாம் இலவசம். ஒப்பந்தக்காரர் எப்போதும் குறைந்தது 32 வேலையாட்களை வைத்திருக்க வேண்டும். அவர்கள் 20 வயதுக்குக் குறையாமலும் 50க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நொண்டியோ குருடரோ பச்சை குத்தியவரோ ஆகாது.