இருபத்தெட்டு நிமிடம் ஏற்றம், நாற்பது நிமிடம் இறக்கம்

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த 1944-ஆம் ஆண்டில் மலையடிவாரத்திலுள்ள அலிபிரியிலிருந்து திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டபோது, தமிழ் யாத்திரிகர்கள் முழங்கால் முறிச்சான் என்று பெயரிட்ட செங்குத்தான ஏற்றத்தை நடந்தும் டோலியிலும் கடந்துவந்த மக்களுக்கு வாகனத்தில் மலையேறும் வழி கிடைத்தது. சுமார் 19 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட அப்பாதை, 1974-இல் இரண்டாம் பாதை அமைந்தபின் இறங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. எதிரெதிரே வரும் வண்டிகள் வளைவில் மோதும் அபாயத்தை இந்த ஒரு முடிவே பெருமளவு நீக்கிவிட்டது.

இருப்பினும், இப்பாதைகளின் பாதுகாப்புக்கு உயிர்நாடியாக இருப்பது நேரக் கட்டுப்பாடு. வண்டி மலைப்பாதைக்குள் நுழையும் நேரம் சாவடியில் பதிவாகி, மறுமுனையில் சரிபார்க்கப்படுகிறது. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்கு 40 நிமிடமும் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 19 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடப்பதென்றால் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவு. இறக்கத்துக்குக் கூடுதல் நேரம் விதிப்பதற்குத் தக்க காரணம் உண்டு: சரிவில் பிரேக்கை விடாமல் மிதித்தால் உராய்வினால் அது கொதித்துப் பிடிமானம் இழக்கும் என்பதால், தாழ்ந்த கியரில் எஞ்சினின் இழுவையாலேயே வண்டியை அடக்கி இறங்க வேண்டியுள்ளது, அதற்குப் பொறுமை தேவை. ஓரிடத்தில் மட்டும் வேகத்தை அளந்தால் ஓட்டுநர் அங்கே மெதுவாகச் சென்று அப்பால் பறந்துவிடலாம். இரு முனைகளின் நேரத்தை ஒப்பிடும்போது அத்தந்திரம் பலிக்காது. ஐரோப்பிய நாடுகள் பல கேமராக்களைக் கொண்டு நெடுஞ்சாலைகளில் செய்துவரும் சராசரி வேகக் கண்காணிப்பும் இதே கணக்குதான்.

மலையே சரியும்போது இந்தக் கணக்கு உதவாது. திருமலைப் பாதையோரத்தில், சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல் அடித்தளத்தின்மீது, அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிற்பட்ட குவார்ட்சைட் எனும் கடினமான படிவுப்பாறை நேராக அமர்ந்திருப்பதைக் காணலாம். இடைப்பட்ட காலத்தின் படிவே அங்கில்லை என்பதால் அவ்விடம் தேசியப் புவியியல் சின்னமாகப் போற்றப்படுகிறது. அழகிய அந்தக் குவார்ட்சைட் பாறையின் வெடிப்புகளில் மழைநீர் புகுந்தால் பெரும் துண்டுகள் பெயர்ந்துவிடும். 2021 நவம்பர் பெருமழையை அடுத்து, டிசம்பர் முதல் நாள் இரண்டாம் பாதையில் பாறைகள் உருண்டு சாலையையே பிளந்தன. போக்குவரத்து நிறுத்தப்பட்டு, வல்லுநர்கள் சரிவுகளை ஆராய்ந்து, சீரமைப்பு நடந்தபின்னரே அப்பாதை மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

இதே வட்டாரத்தின் பிற மலைச்சாலைகளின் நிலை கவலைக்குரியது. 2022 மார்ச்சில் பாகராபேட்டை மலைப்பாதையில் நிச்சயதார்த்தத்துக்குச் சென்றோரின் பேருந்து பள்ளத்தில் விழுந்தது; 2024 செப்டம்பரில் சித்தூர்–பெங்களூரு சாலையின் மொகிலி மலைச்சரிவில் பேருந்தும் லாரியும் மோதின; இரண்டிலும் பலர் மாண்டனர். இச்சாலைகளை அகலப்படுத்துவது தேவையே எனினும், அகன்ற சரிவில் லாரி மேலும் விரைந்து இறங்கும் என்பதையும் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டும். சரிவின் உச்சியில் ஒரு கேமரா, அடிவாரத்தில் ஒரு கேமரா, நடுவே குறைந்தபட்ச நேரம்: அலிபிரியில் அன்றாடம் நடப்பதை மொகிலிக்குக் கொண்டுசெல்ல இவ்வளவே போதும்.